ஐவர் ஜென்னிங்ஸ்: வாழ்க்கை, நூல்கள், அவர் கைபட்ட அரசியலமைப்புகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐவர் ஜென்னிங்ஸ் யார்?

பிரிட்டனின் அரசியலமைப்புச் சட்ட அறிஞர். 1903இல் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். 1965 டிசம்பரில் காலமானார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இலங்கை, பாகிஸ்தான், மலாயா, நேபாளம் ஆகிய நான்கு ஆசிய நாடுகளின் அரசியலமைப்புப் பணிகளில் நேரடியாகப் பங்கெடுத்தவர். இந்திய அரசியலமைப்பை அது நடைமுறைக்கு வந்த இரண்டே ஆண்டுகளில் சென்னைக்கே வந்து விமர்சித்தவரும் இவர்தான்.

இலங்கைத் தமிழரின் அரசியல் வரலாற்றைப் படிப்பவர்கள் 'சோல்பரி யாப்பு' (சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பு), '29ஆம் பிரிவு' (அதில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பு விதி) என்ற சொற்களைக் கடக்காமல் போக முடியாது. அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் இருந்த சட்ட மூளை பெரும்பாலும் ஜென்னிங்ஸுடையது. அப்படி இருந்தும் தமிழில் அவரைப் பற்றி எழுதியிருப்பது மிகக் குறைவு.

அவருடைய படிப்பும் தொடக்ககால வேலையும்?

கேம்பிரிட்ஜின் செயிண்ட் கேத்தரின்ஸ் கல்லூரியில் படித்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சட்டம் கற்பித்தார். முதலில் அவர் எழுதியது நாடாளுமன்றம், அமைச்சரவை பற்றியல்ல. உள்ளாட்சிச் சட்டம் பற்றி. உள்ளாட்சிச் சட்டத்தின் கோட்பாடுகளை விளக்கும் அவருடைய நூல் 1931இல் வந்தது. சாக்கடை, வீட்டுவசதி, ஏழைகள் நிவாரணம் என்று அரசு அன்றாடம் செய்யும் வேலைகளின் சட்டத்தை ஊன்றிப் படித்தவர் என்பதை மனத்தில் வைத்தால், அடுத்து அவர் அரசியலமைப்பு அறிஞர் டைசியுடன் மோதியதன் காரணம் புரியும்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நூல் எது?

1933இல் வெளிவந்த 'தி லா அண்ட் தி கான்ஸ்டிடியூஷன்'. அப்போது ஜென்னிங்ஸுக்கு வயது முப்பது.

அதற்கு முன் அரை நூற்றாண்டாக பிரிட்டிஷ் அரசியலமைப்பு என்றாலே ஏ. வி. டைசிதான். 1885இல் டைசி வகுத்த 'சட்டத்தின் ஆட்சி' என்ற கோட்பாட்டை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். அரசு அதிகாரிக்கும் குடிமகனுக்கும் ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம். அதிகாரிகளுக்கென்று தனி நிர்வாகச் சட்டம் பிரான்சில்தான் உண்டு, நம்மிடம் இல்லை என்பது டைசியின் பெருமிதம். ஜென்னிங்ஸ் இதை நேரடியாக எதிர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் அரசு வீடு கட்டுகிறது, நிலம் எடுக்கிறது, ஓய்வூதியம் தருகிறது. அதற்கான அதிகாரங்கள் சட்டப் புத்தகங்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கண்டும் காணாமல் எழுதுவது சட்டம் ஆகாது, ஒரு கட்சியின் கொள்கை ஆகும் என்பது அவர் வாதம். டைசி தன் காலத்து விக் கட்சிக்காரரின் விருப்பங்களைச் சட்டவிதியாக எழுதிவிட்டார் என்று அவர் கருதினார்.

இந்த வாதம் இன்றும் என்னைக் கவர்கிறது. பெரிய பெயருக்கு அஞ்சாமல் எழுதிய இளைஞரின் நூல் அது.

அரசியலமைப்பு மரபுகள் பற்றிய அவருடைய 'மூன்று கேள்விகள்' என்ன?

பிரிட்டனில் பல முக்கியமான விதிகள் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதவை. பெரும்பான்மை இழந்த பிரதமர் பதவி விலக வேண்டும், நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு அரசர் ஒப்புதல் தர வேண்டும் என்பவை மரபுகள். ஒரு பழக்கம் எப்போது மரபாகிறது? ஜென்னிங்ஸ் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். முன்பு அப்படி நடந்திருக்கிறதா? அப்படி நடந்தவர்கள் தாம் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டதாக நம்பினார்களா? அந்த விதிக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறதா?

பார்க்க எளிமையானவை. ஆனால் உலகெங்கும் நீதிமன்றங்கள் இவற்றைக் கையில் எடுத்தன. கனடாவின் அரசியலமைப்பை பிரிட்டனிடமிருந்து முழுமையாகத் தன் கைக்குக் கொண்டுவர ஒட்டாவா அரசு முயன்றபோது, மாகாணங்களின் இசைவு வேண்டுமா என்ற வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1981இல் இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்தியது. இந்தியாவில் நீதிபதிகள் நியமனம் பற்றிய 1993ஆம் ஆண்டின் 'இரண்டாம் நீதிபதிகள் வழக்கு' தீர்ப்பிலும் அது வருகிறது. மூத்த நீதிபதிகளே புதிய நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை உருவான வழக்கு அது.

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். ஆள்பவர்கள் தாம் கட்டுப்பட்டவர்கள் என்று *நம்ப* வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் மரபு இல்லை. ஜென்னிங்ஸ் தானே எழுதிவைத்த இந்த உண்மைதான் பின்னாளில் அவர் வடிவமைத்த அரசியலமைப்புகளுக்கு வினையாக வந்தது.

வேறு முக்கிய நூல்கள்?

'கேபினட் கவர்ன்மென்ட்' (1936), 'பார்லிமென்ட்' (1939) இரண்டும் நெடுங்காலம் பாடநூல்களாக இருந்தன. அமைச்சரவை எப்படி முடிவெடுக்கிறது என்பதைத் தலைவர்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள், வாழ்க்கை வரலாறுகள் வழியாகத் தேடிச் சேர்த்து எழுதியது அவற்றின் பலம். கடைசிக் காலத்தில் 'பார்ட்டி பாலிடிக்ஸ்' என்ற மூன்று தொகுதி நூல் (1960–62) வந்தது. அது முந்தையவை அளவுக்கு நிற்கவில்லை.

ஆசியா பற்றியவை தனி வரிசை: 'தி கான்ஸ்டிடியூஷன் ஆஃப் சிலோன்' (1949), 'சம் கேரக்டரிஸ்டிக்ஸ் ஆஃப் தி இந்தியன் கான்ஸ்டிடியூஷன்' (1953), 'தி அப்ரோச் டு செல்ஃப் கவர்ன்மென்ட்' (1956), 'கான்ஸ்டிடியூஷனல் ப்ராப்ளம்ஸ் இன் பாகிஸ்தான்' (1957). இலங்கையின் சட்ட வளர்ச்சி பற்றி 1952இல் வந்த நூலை எச். டபிள்யூ. தம்பையாவுடன் சேர்ந்து எழுதினார். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின் தலைசிறந்த அறிஞர் தம்பையா. பின்னர் இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

இலங்கைக்கு ஏன் வந்தார்?

பல்கலைக்கழகம் கட்ட. 1941இல் கொழும்பில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக வந்தார். 1942 ஜூலையில் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மாறியபோது முதல் துணைவேந்தர் ஆனார். கண்டிக்கு அருகே பேராதனையில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் எழுந்ததில் அவருடைய உழைப்பு பெரிது; 1952இல் பல்கலைக்கழகம் அங்கே குடிபெயர்ந்தது. அவருடைய காலத்தில்தான் சுவாமி விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பேராதனை வளாகத்தைப் பார்த்தவர்கள் இந்த மனிதரை முழுவதும் வெறுக்க முடியாது. அந்த நாட்களின் நினைவுகள் 'தி ரோடு டு பெரதெனியா' என்ற பெயரில் 2005இல் தன்வரலாறாக வெளியாயின.

சோல்பரி யாப்பை எழுதியவர் அவர்தானா?

சட்டப்படி இல்லை. நடைமுறையில் பெருமளவு ஆம்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தன்னாட்சிக்கான திட்டம் ஒன்றை உருவாக்குமாறு இலங்கை அமைச்சர்களிடம் பிரிட்டன் கேட்டது. பின்னாளில் முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்க அந்தப் பொறுப்பை ஏற்றார். சட்ட நுணுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த துணைவேந்தரை நாடினார். ஜென்னிங்ஸுக்கு அரசுப் பதவி எதுவும் இல்லை, சம்பளமும் இல்லை, ஆலோசகராகவே செயல்பட்டார். 1944இல் வந்த 'அமைச்சர்களின் வரைவு' இப்படித்தான் உருவானது. அதே ஆண்டு இறுதியில் சோல்பரி பிரபு தலைமையில் ஆணைக்குழு வந்து இறங்கியது. சிறுபான்மையினரையும் விசாரிக்க அதற்கு அதிகாரம் தரப்பட்டதால் அமைச்சர்கள் அதைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். ஆயினும் 1945இல் வெளியான ஆணைக்குழு அறிக்கையின் அடிப்படை அமைச்சர்களின் வரைவாகவே இருந்தது.

தமிழர் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த ஆணைக்குழுவின் முன் வைத்தது 'ஐம்பதுக்கு ஐம்பது': சட்டசபை இடங்களில் பாதி சிங்களவருக்கு, மறுபாதி மற்ற எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்து. அது நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களோடு ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் ஒரு கூடுதல் இடம். மக்கள் குறைவாக வாழும் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கு இது சற்று எடை தரும். மற்றொன்று 29ஆம் பிரிவு.

29ஆம் பிரிவு என்ன சொன்னது?

நாடாளுமன்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தந்த பிரிவு அது. அதன் இரண்டாம் உட்பிரிவு வேலியாக நின்றது. எந்த மதத்தையும் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டம், ஒரு சமூகத்தின் மீதோ மதத்தின் மீதோ மற்றவர்களுக்கு இல்லாத தடையைச் சுமத்தும் சட்டம், ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை தரும் சட்டம் ஆகியவற்றை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது. மத அமைப்புகளின் விதிகளை அவற்றின் சம்மதமின்றி மாற்றவும் கூடாது. மீறி இயற்றினால் அந்த அளவுக்குச் செல்லாது.

இலங்கைக்கு அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1964இல் தந்த ரணசிங்க வழக்குத் தீர்ப்பு இந்த உட்பிரிவை, இலங்கை மக்கள் தமக்குள் ஒருவரையொருவர் ஏற்று அரசியலமைப்பை ஒப்புக்கொண்டதன் அடிப்படை நிபந்தனை என்று வருணித்தது. மாற்ற முடியாதது என்றும் சொன்னது.

அந்தப் பிரிவு சிறுபான்மையினரைக் காத்ததா?

காக்கவில்லை. எப்படித் தோற்றது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

சுதந்திரம் 1948 பிப்ரவரி 4இல் வந்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம். தந்தையோ, தந்தைவழிப் பாட்டன் பூட்டன்களோ இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறப்புப் பதிவே இல்லாமல் வாழ்ந்த தொழிலாளர்கள் எப்படி நிறைவேற்றுவார்கள்? 1949இல் வாக்குரிமையும் குடியுரிமையோடு பிணைக்கப்பட்டது. இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்களானார்கள். 1947 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிய சமூகம் 1952 தேர்தலில் வாசலுக்கு வெளியே நின்றது.

வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கோரினார் கோடகன் பிள்ளை. குடியுரிமைச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்பது அவர் வாதம். பட்டியலைத் திருத்தும் அதிகாரி அதை ஏற்றார்; உச்ச நீதிமன்றம் மறுத்தது; 1953இல் பிரிவி கவுன்சிலும் மறுத்தது. தன் குடிமக்கள் யார் என்று வரையறுப்பது எந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் உரிய அதிகாரம், சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது அதன் போக்கு. பெயர் எழுதாமலே ஒரு சமூகத்தை மட்டும் வெளியேற்றும் சட்டத்தை எழுத முடியும் என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. வரலாற்று நூல்கள் இதைப் போகிறபோக்கில்தான் சொல்கின்றன. தொகுதிகளை மக்கள்தொகையை வைத்துப் பிரித்தபோது வாக்கில்லாத தோட்டத் தொழிலாளர்களும் தலைக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்கள் எண்ணிக்கையால் கிடைத்த மலைநாட்டு இடங்களை மற்றவர்களின் வாக்குகள் நிரப்பின. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சிறுபான்மை உறுப்பினர்கள் துணையின்றி அது கிடைக்காது என்ற கணக்கின் மீதுதான் சோல்பரி ஏற்பாடு நின்றிருந்தது. மலையகத் தமிழரை நீக்கியதும் அந்தக் கணக்கே குலைந்தது.

பிறகு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டம். அரசு எழுத்தராக இருந்த கோடீஸ்வரன், சிங்களத் தேர்வில் தேறவில்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்டதால் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குத் தொடுக்கவே முடியாது என்று கூறி, மொழிச் சட்டத்தைத் தொடாமலே அதைத் தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில் அந்தக் காரணத்தை நிராகரித்து, அரசியலமைப்புக் கேள்வியை முடிவு செய்யுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. முடிவு வரவே இல்லை. 1971இல் பிரிவி கவுன்சில் முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை. மாற்ற முடியாதது என்று நீதிபதிகள் சொன்னதைச் சுற்றி ஒரு வழி கண்டார்கள்: பழைய யாப்பைத் திருத்தவில்லை, அரசியல் நிர்ணய சபை கூட்டிப் புதியதையே எழுதினார்கள்.

அடிப்படை உரிமைகளை ஏன் அவர் சேர்க்கவில்லை?

நம்பிக்கையின்மையால். உரிமைப் பட்டியல் இல்லாத பிரிட்டன், அப்படிப் பட்டியல் வைத்திருக்கும் நாடுகளைவிட உரிமைகளை நன்றாகவே காக்கிறது என்று 'தி அப்ரோச் டு செல்ஃப் கவர்ன்மென்ட்' நூலில் வெளிப்படையாக எழுதினார். பட்டியல் எழுதினால் வழக்கறிஞர்களுக்கு வேலை, சட்டமன்றத்துக்குக் கைவிலங்கு என்பது அவர் எண்ணம். நல்ல அமைச்சரவை, நேர்மையான தேர்தல், பொறுப்புள்ள எதிர்க்கட்சி, ஊறிப்போன மரபுகள் இருந்தால் போதும் என்று நினைத்தார்.

டைசியைப் பார்த்து 'உன் காலத்து விருப்பத்தைச் சட்டமாக எழுதினாய்' என்றவர், தன் நாட்டு அனுபவத்தைக் கொழும்புக்கு விதியாக எழுதிவிட்டார். அவருடைய சிந்தனையில் நான் காணும் பெரிய குறை இது. மரபு வாழ, ஆள்பவர் அதற்குக் கட்டுப்பட்டதாக நம்ப வேண்டும் என்று கண்டுபிடித்தவரே, அந்த நம்பிக்கை ஒரு புதிய நாட்டில் யாருக்கு, எதற்காக வரும் என்று கேட்காமல் விட்டார்.

சோல்பரி பிரபு இதைப் பின்னர் உணர்ந்தார். 1963இல் இலங்கை பற்றிய ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில், இந்தியா, மலாயா போன்ற நாடுகளில் உள்ளதைப் போல அடிப்படை உரிமைகளுக்கான உத்தரவாதங்களையும் தம் ஆணைக்குழு பரிந்துரைக்காமல் போனது வருத்தத்துக்குரியது என்று பதிவு செய்தார்.

சென்னையில் அவர் என்ன பேசினார்?

1952 மார்ச்சில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் சஷ்டியப்தபூர்த்திக்காக நிறுவப்பட்ட அறக்கட்டளையின் பேரில் நடந்தவை அவை. அல்லாடி இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழு உறுப்பினர்; அப்போது உயிரோடு இருந்தார். அவர் பெயரிலான மேடையிலேயே அந்த அரசியலமைப்பு மிக நீளமானது, மிக இறுக்கமானது, வழக்கறிஞர்களின் கைவேலை தெரிகிறது என்று ஜென்னிங்ஸ் சொன்னார். அரசுக் கொள்கைக்கான வழிகாட்டும் நெறிகளில் இங்கிலாந்தின் ஃபேபியன் சங்கத்துச் சோஷலிஸ்டுகளான வெப் தம்பதியின் ஆவிகள் உலவுவதாகவும் சொன்னார்.

395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட ஆவணத்தை நீளம் என்று சொன்னது நியாயமே. இறுக்கம் என்ற கணிப்பு நூறு திருத்தங்களுக்கு மேல் கண்டபின் நிற்கவில்லை. அவர் நீளம் என்று குறைசொன்னது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அவர் கச்சிதம் என்று நம்பிய இலங்கை யாப்பு சுதந்திரத்துக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை.

பாகிஸ்தான், மலாயா, நேபாளத்தில் என்ன செய்தார்?

பாகிஸ்தான் அத்தியாயம்தான் மிகவும் சங்கடமானது. 1954 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தார். சபைத் தலைவர் மௌல்வி தமிசுதீன் கான் சிந்து தலைமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். 1955இல் நீதிபதி முனீர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. நீதிபதி கார்னிலியஸ் மட்டும் மாறுபட்டார். அந்த நாட்களில் அரசின் ஆலோசகராக இருந்தவர் ஜென்னிங்ஸ். நாடாளுமன்ற ஆட்சியின் மரபுகளைப் பற்றி உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர், ஒரு சபையைக் கலைத்தவரின் பக்கம் நின்றார். 1957இல் அந்தத் தீர்ப்புகளைத் தொகுத்து அவர் எழுதிய முன்னுரை திறமையான சட்ட வாதம். எனக்கு அது மனநிறைவு தரவில்லை.

மலாயாவுக்கான ரீட் ஆணைக்குழுவில் 1956–57இல் உறுப்பினர். அதன் வரைவிலிருந்து உருவான அரசியலமைப்பு, அடிப்படைச் சுதந்திரங்களுக்கான தனிப் பகுதியோடு இன்றும் மலேசியாவில் நடைமுறையில் இருக்கிறது. நேபாளத்துக்கு 1958இல் சென்றார். 1959இல் அரசியலமைப்பு வந்தது, தேர்தல் நடந்தது, பி. பி. கொய்ராலா பிரதமரானார். 1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரா அரசைக் கலைத்துக் கொய்ராலாவைச் சிறையிலிட்டார்.

அவர் தமிழருக்கு எதிரானவரா?

அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. 29ஆம் பிரிவின் வேர் அவர் துணைநின்ற அமைச்சர்களின் வரைவிலேயே இருக்கிறது. சேனாநாயக்கவின் மீது அவருக்கு இருந்த மதிப்பு மிகப் பெரியது. அந்த ஒரு மனிதரின் நிதானத்தை ஒரு நாட்டின் நிரந்தர இயல்பாக எடுத்துக்கொண்டார். ஆனால் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது அதே சேனாநாயக்கவின் ஆட்சியில். பேராதனை அந்தத் தோட்டங்களுக்குத் தொலைவில் இல்லை. அவர் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

பிற்காலத்தில் என்ன ஆனார்?

1954இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரித் தலைவரானார். 1961 முதல் 1963 வரை கேம்பிரிட்ஜ் துணைவேந்தர். 1962 முதல் அங்கே சட்டத்துக்கான டவுனிங் பேராசிரியர். இறக்கும்போது வயது 62.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சட்டம் படிப்பவர்கள் 'தி லா அண்ட் தி கான்ஸ்டிடியூஷன்' நூலின் ஐந்தாம் பதிப்பை (1959) எடுத்து மரபுகள் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். இந்திய வாசகர்களுக்குச் சென்னைச் சொற்பொழிவுகள்; மெல்லிய நூல், ஒரே மூச்சில் முடியும். இலங்கை வரலாறு வேண்டுவோர் 'தி கான்ஸ்டிடியூஷன் ஆஃப் சிலோன்' நூலையும் கோடகன் பிள்ளை, கோடீஸ்வரன் வழக்குத் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தனியாக நூலை மட்டும் படித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஹர்ஷன் குமாரசிங்கம் தொகுத்து 2015இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஜென்னிங்ஸ் எழுத்துகளில், அரசுகளுக்கு அவர் தந்த குறிப்புகளும் இருக்கின்றன. அவருடைய தாள்கள் லண்டனில் காமன்வெல்த் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளன.